மிசௌரி 2000: இறந்தவருக்கு விழுந்த ஓட்டு – வாசகர் கேள்விகள்

கே: பதவியில் இருந்த செனட்டர், இறந்துபோன வேட்பாளரிடம் தோற்றார் என்பது நிஜமா?

நிஜம்தான். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2000 நவம்பர் 7 அன்று நடந்த செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜான் ஆஷ்கிராஃப்ட் சுமார் 49,000 வாக்குகளில் தோற்றார். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி ஆளுநர் மெல் கார்னஹான், அக்டோபர் 16 இரவே விமான விபத்தில் மகனோடும் உதவியாளரோடும் இறந்திருந்தார்.

கே: மெல்லின் மனைவி எத்தனை ஓட்டில் ஜெயித்தார்?

அவர் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. கேட்பதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள். பெயரை மாற்றும் கெடு தாண்டிவிட்டதால் வாக்குச்சீட்டில் மெல் பெயரே இருந்தது. மெல் ஜெயித்தால் அந்த இடத்துக்கு மனைவி ஜீன் கார்னஹானை நியமிப்பதாகப் புதிய ஆளுநர் ராஜர் வில்சன் தேர்தலுக்கு முன்பே சொல்லிவிட்டார். முதலில் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கே: ஏன் ஒத்திவைக்கவில்லை?

இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் வாக்குப்பதிவு தள்ளிப்போகும். மிசௌரியில் தள்ளிப்போகவில்லை.

கே: எல்லாம் அனுதாப ஓட்டுதானே?

இருபது கடிதத்தில் பாதி இதுதான். துக்கம் இருந்தது, மறுக்கவில்லை. விபத்துக்கு மறுநாள் செயின்ட் லூயிஸில் நடந்த அதிபர் வேட்பாளர்கள் புஷ் (குடியரசுக் கட்சி) – கோர் (ஜனநாயகக் கட்சி) விவாதமே மௌன அஞ்சலியோடுதான் தொடங்கியது. 'நான் இன்னும் மெல் பக்கம்தான்' என்ற பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் ஒரு மாநிலமே அழுதுகொண்டே ஓட்டுப் போட்டது என்று எழுதுவது வாக்காளரை அவமதிப்பது. மெல் இரண்டு முறை ஆளுநராக ஜெயித்தவர். விபத்துக்கு முன்பே போட்டி சமபலத்தில்தான் இருந்தது. மிசௌரி உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ரானி ஒயிட்டை மத்திய நீதிபதியாக்க வந்த பரிந்துரையை, 1999-இல் ஆஷ்கிராஃப்ட் முன்னின்று எதிர்த்துத் தோற்கடித்தார். அந்தக் கோபம் ஆறவில்லை. கணக்கையும் பாருங்கள். அதே நாளில் அதே மாநிலத்தில் புஷ் சுமார் 79,000 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். புஷ் வாங்கியதைவிட ஆஷ்கிராஃப்ட் வாங்கியது 47,000 குறைவு. கோர் வாங்கியதைவிட மெல் வாங்கியது 80,000 அதிகம். இந்த ஓட்டு வாஷிங்டனுக்கு யாரை அனுப்பும் என்று அறிந்தேதான் மக்கள் போட்டார்கள். தேதிகளை வரிசையாக எழுதியிருந்தால் இது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கே: ஆஷ்கிராஃப்ட் ஏன் வழக்குப் போடவில்லை?

போட வாய்ப்பு இருந்தது. செயின்ட் லூயிஸில் வாக்குப்பதிவு நேரத்தை ஒரு நீதிபதி நீட்டிக்க, மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்றிரவே தடுத்தது. செனட்டர் அந்த மாநிலவாசியாக இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்பு, இறந்தவர் மாநிலவாசி ஆவாரா என்ற கேள்வியையும் கட்சிக்காரர்கள் சிலர் கிளப்பினார்கள். எதையும் கையில் எடுக்க மாட்டேன் என்று சொல்லித் தோல்வியை ஏற்றார். விபத்துக்குப் பின் பிரசாரத்தையும் நிறுத்தி வைத்தவர் அவர். அவர் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை, இந்த இரண்டுக்காகவும் மதிக்கிறேன். பிறகு புஷ் அவரை அட்டர்னி ஜெனரல் ஆக்கினார், செனட் 58–42 என ஒப்புதல் தந்தது.

கே: ஜீன் ஆறு வருடம் இருந்தாரா?

இல்லை. நியமனம் இடைக்கால ஏற்பாடுதான். 2002 இடைத்தேர்தலில் ஜிம் டேலண்டிடம் சுமார் 1 சதவீதத்தில் தோற்றார். டேலண்ட் 2006-இல் கிளேர் மெக்கஸ்கிலிடம் தோற்றார். மெக்கஸ்கில் 2018-இல் ஜாஷ் ஹாலியிடம். ஆஷ்கிராஃப்ட், ஜீன், டேலண்ட், மெக்கஸ்கில் – நான்கு பேருமே பதவியில் இருந்தபடி தோற்றவர்கள், அதே நாற்காலி.