எதுவுமே நடக்காத ஊரின் கதையில் என்ன ஆறுதல்?

கேள்வி: "சின்ன ஊர், அதே பத்துப் பதினைந்து பேர், பெரிய திருப்பம் எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட நாவல் தொடர்களைச் சிலர் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அதில் அப்படி என்ன ஆறுதல்?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் "மனசுக்கு இதமாக இருக்கும், படுக்கும் முன் படிக்க நல்லது" என்று முடித்திருப்பேன். உதாரணத்துக்கு மால்குடியைச் சொல்லியிருப்பேன். 1935இல் வெளியான ஆர்.கே. நாராயணின் முதல் நாவலிலேயே வந்துவிட்ட ஊர் அது. எந்த வரைபடத்திலும் இல்லை, ஆனாலும் அங்கே போய் வந்தவர்கள் போலத்தான் நாம் பேசுவோம். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. எங்கள் ஆயாவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்த பிறகுதான் யோசித்தேன்.

எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவரை ஆயா என்போம். வயது 84. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், ஐயா (தாத்தா) விட்டுப்போன பெரிய வீட்டில் இருக்கிறார். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாகிவிட்டது. எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை என்பதால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நான் வந்தேன். ஒரு மாதம் என்று வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

செட்டிநாட்டு வீட்டைப் படத்தில் பார்த்தவர்களுக்கு முகப்பும் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் தரையும் தெரியும். அதில் குடியிருப்பவர்களுக்குத் தெரிவது பூட்டுகள். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக அறைகள், பங்காளிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. சாவி ஒன்று சென்னையில், ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று சிங்கப்பூரில். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்), பிள்ளையார் நோன்பு என்றால் எல்லாம் திறக்கும், இரண்டாங்கட்டில் அடுப்புகள் புகையும், மூன்றாம் நாள் மறுபடி பூட்டிக்கொள்ளும். எங்கள் தெருவில் 11 வீடுகள். ராத்திரி விளக்கெரிவது மூன்றில்.

ஆயா வாசிப்பில் ஊறியவர். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, காரைக்குடிக்குக் கொடுத்தனுப்பி பைண்டு செய்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இந்தப் பழக்கம் இருந்தது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோட்டையூரில், ரோஜா முத்தையா அவர்கள் இப்படிப்பட்ட அச்சுத் தாள்களையெல்லாம் ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம் அதில் பிறந்ததுதான். எங்கள் ஆயாவின் சேகரிப்பு ஒரு மரப்பெட்டியோடு சரி. தொட்டால் ஓரம் உதிர்கிறது. கண் பார்வையும் மங்கிவிட்டதால் நான் வாசித்தேன். நாலு நாளில் ஆயா கையை ஆட்டிவிட்டார். "இதெல்லாம் முடிவு தெரியும் ஆத்தா. தெரியாத ஊர்க் கதை ஏதாவது சொல்லு."

அப்போது என் போனில் இருந்தது கிரான்ஃபோர்டு என்ற ஆங்கில நாவல். எலிசபெத் காஸ்கெல் எழுதியது. குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இங்கிலாந்தில் தாம் வளர்ந்த நட்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரை மனதில் வைத்து எழுதினார். 1851 டிசம்பரிலிருந்து 1853 மே வரை, சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் விட்டுவிட்டு வந்தது. முதல் பகுதியோடு நிறுத்துவதாகத்தான் காஸ்கெலுக்கு எண்ணம், ஊர் விடவில்லை. சின்ன ஊர்க் கதைகளுக்கு இது பாட்டி முறை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், எங்கள் பேச்சில் கதையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

முதல் நாளே ஆயா எழுந்து உட்கார்ந்துவிட்டார். காரணம் ஒரு பசு. அந்த ஊரில் ஓர் அம்மா பிள்ளை மாதிரி வளர்க்கும் பசு சுண்ணாம்புக் குழியில் விழுந்துவிடுகிறது. உயிர் தப்பினாலும் உடம்பு முடியெல்லாம் போய்விடுகிறது. குளிர் தாங்காதே என்று ஃபிளானல் துணியில் சட்டை தைத்துப் போட்டு மேய்ச்சலுக்கு அனுப்புகிறார்கள். ஒன்றிரண்டு பேருக்குச் சிரிப்பு வந்தாலும் ஊரே அதற்காகப் பரிதாபப்படுகிறது. சுண்ணாம்புக் குழி என்றதும் ஆயாவுக்கு எங்கள் வீடு கட்டின கதை வந்துவிட்டது. பூச்சு வேலைக்கு மாதக்கணக்கில் சுண்ணாம்பு ஊற வைத்தது, பிள்ளைகளைக் குழிப் பக்கம் விடாமல் ஓர் ஆள் காவல் உட்கார்ந்திருந்தது என்று அவருடைய மாமியார் சொன்னதையெல்லாம் சொன்னார். அன்றைக்குக் கதை அதற்கு மேல் நகரவில்லை.

கதையின் நடுவில் இருப்பவர் மிஸ் மேட்டி என்ற கல்யாணமாகாத பெண்மணி. ஆயா வாயில் அவர் 'மேட்டி ஆச்சி' ஆகிவிட்டார். மேட்டி ஆச்சி வீட்டில் மெழுகுவர்த்தி இரண்டு இருக்கும், எரிவது ஒன்றுதான். யாராவது வந்துவிட்டால் இரண்டையும் ஏற்ற வேண்டுமே, அப்போது உயரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மாற்றி மாற்றி எரிப்பார். சிக்கனத்தை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வதன் அருமை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு பேங்க் திவாலாகிறது. மேட்டி ஆச்சியின் பிழைப்பே அதில் போட்ட பணத்தில்தான். சேதி முழுதாக வரும் முன்பே, துணிக்கடையில் ஒரு விவசாயி நீட்டிய அந்த பேங்கின் ஐந்து பவுண்டு நோட்டைக் கடைக்காரர் வாங்க மறுக்கிறார். பக்கத்தில் பட்டு கவுன் துணி பார்த்துக்கொண்டிருந்த மேட்டி ஆச்சி, 'நானும் அந்த பேங்கில் பங்குதாரர்' என்று சொல்லி, தன் கையிலிருந்த ஐந்து தங்க நாணயத்தை விவசாயியிடம் கொடுத்துவிட்டு அந்த நோட்டை வாங்கிக்கொள்கிறார். துணி வாங்காமல் திரும்புகிறார். அந்த நாணயம்தான் நாம் 'பவுன்' என்று சொல்லும் அளவுக்கு மூலம், எட்டு கிராம் தங்கம். ஆயா, "அஞ்சு பவுனையுமா குடுத்தாக?" என்று இரண்டு தடவை கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நாணயம்" என்றார். லேவாதேவிக் குடும்பத்தில் பிறந்தவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது பணத்தையா குணத்தையா என்று பிரிக்க முடியாது.

பிறகு ஊர்ப் பெண்கள் மேட்டி ஆச்சிக்குத் தெரியாமல் கூடுகிறார்கள். வருடத்துக்குத் தன்னால் எவ்வளவு முடியும் என்று ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில் எழுதி, மூடி, முத்திரை வைத்துக் கொடுக்கிறார்கள். யாருமே வசதியானவர் இல்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, வாங்குகிறவருக்கு எதுவுமே தெரியாது. நம் பக்கத்து மொய் நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். "இது நோட்டுல ஏறாத மொய்" என்றார் ஆயா.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், ஊர்க் கணக்கில் குடும்பங்களைப் 'புள்ளி' என்று எண்ணுவார்கள். தம்பதி என்றால் ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப் புள்ளி. கோவில் காரியங்களுக்கு வரி போடுவது அந்தக் கணக்கில்தான். ஐயா காலமான பிறகு ஆயா அரைப் புள்ளி. அதைக் குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கிரான்ஃபோர்டிலோ பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள், மீதிப் பேர் கல்யாணமே ஆகாதவர்கள். ஊர் நடப்பது அவர்கள் கையில். முத்திரை வைத்த தாள்களின் கதை முடிந்த அன்று ராத்திரி, விளக்கை அணைக்கப் போனபோது ஆயா கேட்டார்: "அங்க எல்லாரும் முழுப் புள்ளிதானா?"

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த இடத்தில்தான் கிடைத்தது. இந்தக் கதைகளில் கெட்டது நடக்காது என்பதால் ஆறுதல் வருவதாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணம் போகிறது, ஆள் சாகிறது, மகன் வீட்டை விட்டு ஓடுகிறான். ஆனால் அந்த ஊரில் யாரும் கணக்கிலிருந்து விடுபடுவதில்லை. மற்ற நாவல்களில் தபால்காரர் கடிதத்தைக் கொடுத்ததும் அவர் வேலை முடிந்தது. இந்த வகைத் தொடரில் முதல் பாகத்தில் அவருக்கு வந்த முழங்கால் வலி மூன்றாம் பாகத்திலும் இருக்கும், யாராவது அதை விசாரிப்பார்கள். நாம் அடுத்த பாகத்தை எடுப்பது கதை என்ன ஆயிற்று என்று பார்க்க இல்லை, அவர்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்று பார்க்க. பூட்டிய அறைகளுக்கு நடுவில் படுத்திருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் தினமும் பார்க்கிறேன்.

இதனாலேயே, இந்த வகையில் வரும் எல்லாப் புத்தகமும் எனக்குப் பிடிப்பதில்லை. அழகான ஒரு கேக் கடை, ஒரு பூனை, பனி, முடிவில் கல்யாணம் என்று இனிப்பாகவே போகும் தொடர்கள் நிறைய இருக்கின்றன. பத்துப் பக்கத்தில் திகட்டிவிடும். யாரும் எதையும் இழக்காத ஊரில் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள என்ன இருக்கிறது?

இன்னொரு குறையும் உண்டு. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. சமையலுக்கு வரும் அக்கா தூணோரம் உட்கார்ந்து பூண்டு உரித்தபடியே தினமும் கேட்டுக்கொண்டிருப்பார். மேட்டி ஆச்சி வீட்டு வேலைக்காரப் பெண் மார்த்தா, பணம் போன பிறகும் எஜமானியை விட்டுப் போக மாட்டேன் என்று அழுகிறாள். தான் கட்டிக்கப்போகிறவனை அவசரமாகச் சம்மதிக்க வைத்து, 'நாங்கள் குடித்தனம் வைக்கிறோம், நீங்கள் எங்களோடு இருங்கள்' என்கிறாள். ஆயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா மட்டும், "அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் யாரு குடுத்தாக?" என்று கேட்டார். நான் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். மார்த்தாவின் அன்பு பக்கம் பக்கமாக இருக்கிறது, அவள் பக்கத்துக் கணக்கை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. சின்ன ஊர்களில் யார் கணக்கில் வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரிந்ததுதானே. அக்காவின் கேள்விக்குப் பிறகு அந்தப் பகுதியை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. ஆயாவும் அன்றைக்கு அக்காவைப் பூண்டைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகச் சொன்னார்.

கடைசிப் பகுதியைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. மேட்டி ஆச்சியின் தம்பி பீட்டர் சிறுவயதில் அப்பாவிடம் அடிபட்டு வீட்டை விட்டுப் போனவன். மகன் நினைவிலேயே அம்மா இறந்துபோகிறாள். மறுநாள் இந்தியாவிலிருந்து அவன் அனுப்பிய வெள்ளைச் சால்வை வந்து சேர்கிறது. அதைப் போர்த்தித்தான் அடக்கம் செய்கிறார்கள். பல வருடம் கழித்து, கிழவனாகி, பீட்டர் இந்தியாவிலிருந்து திரும்பி வந்து அக்கா முன்னால் நிற்கிறான்.

ஆயா பிறந்தபோது அவருடைய அப்பச்சி (அப்பா) மலாயாவில் இருந்தார். ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிதம் நின்றது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் சண்டைக் காலம் முழுக்க அவருடைய ஆத்தா நோன்பு இருந்திருக்கிறார். 1946இல் ஒரு நாள் சாயங்காலம் அப்பச்சி வந்துவிட்டார். "முகப்புல யாரோ ஆம்பளை நிக்கிறாகன்னு நான் உள்ளே ஓடிட்டேன். அஞ்சு வயசு. எங்க ஆத்தா அழுகவும் இல்லை, பேசவும் இல்லை. கால் கழுவத் தண்ணி கொண்டுபோய் வச்சாக." இவ்வளவு வருடத்தில் இதை ஆயா எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவுக்கே தெரியாது. நூற்றெழுபது வருடத்துக்கு முன்னால் எழுதிய ஓர் ஆங்கிலேய ஊரின் கதை அதை வெளியே கொண்டுவந்தது.

இப்போது மிட்ஃபோர்டு தொடர் போய்க்கொண்டிருக்கிறது. எழுதியவர் ஜான் கரோன். விளம்பர வேலையை விட்டுவிட்டு அமெரிக்காவின் வட கரோலைனா மலைப்பகுதியில் இருக்கும் ப்ளோயிங் ராக் என்ற சிற்றூருக்குக் குடிபோய், அந்த ஊர் வாரப் பத்திரிகையில் வாரம் ஒரு பகுதியாக எழுதினார். 1994இல் புத்தகமாக வந்தது. ஆயாவிடம் இதைச் சொன்னபோது, "கிழிச்சு வச்சிருப்பாகளே" என்றார். கதை நாயகர் அறுபது வயதான பாதிரியார், கல்யாணமாகாதவர். பைபிள் வசனம் சொன்னால் மட்டும் அடங்கும் ஒரு பெரிய கறுப்பு நாய் அவரைத் தேடி வந்து ஒட்டிக்கொள்கிறது. தேவாரம் சொன்னால் அடங்குமா என்று ஆயா கேட்டார், அடங்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

பாதிரியாருக்குச் சர்க்கரை உண்டு, ஆயாவுக்கும் உண்டு. ஊரில் ஓர் அம்மா செய்யும் ஆரஞ்சு மார்மலேட் கேக்கை அவர் இரண்டு துண்டு சாப்பிட்டு மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நேற்று அங்கே நிறுத்தினேன். காலையில் அக்கா வந்ததும் வராததுமாக, "சாமியார் கண்ணு முழிச்சாரா?" என்று கேட்டார். ஆயா இனிப்புக் கந்தரப்பத்துக்கு அரிசி நனைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மணி இரண்டாகப் போகிறது, சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு பேரும் வளவில் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.