லேக் டிஸ்ட்ரிக்ட் கிளம்புறதுக்கு முன்னாடி: பூட்ஸ், மழை ஜாக்கெட், புக்கிங் - வாசகர் கேள்வி பதில்

வெயில் கொஞ்சம் தலைகாட்டினாலே போதும், இங்கிலாந்துல இருக்குற நம்மாளுங்க காரை வடக்க கம்ப்ரியா பக்கம் திருப்பிடுறாங்க போல, இந்த தடவை வந்த கேள்வி எல்லாமே அங்க இருக்குற லேக் டிஸ்ட்ரிக்ட்ங்கற மலையும் ஏரியுமான தேசியப் பூங்கா சம்பந்தமாதான் இருக்கு. ஒண்ணொண்ணா பாப்போம்.

கேள்வி: ஆன்லைன்ல 140 பவுண்டுக்கு "வாட்டர்ப்ரூஃப்"னு போட்டிருந்த ஹைக்கிங் பூட்ஸ் வாங்கி மூணு வாரம் ஆச்சு. போன வாரம்தான் முதல் தடவையா போட்டுக்கிட்டு கேட்பெல்ஸ் மலை ஏறினேன், ஈரப் புல்லுல ஒரு மணி நேரம் நடக்குறதுக்குள்ள இடது கால் சாக்ஸ் சொதசொதன்னு ஆயிடுச்சு. கடையில கேட்டா "போட்டு நடந்துட்டீங்க, மண்ணு வேற ஒட்டியிருக்கு, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், வேணும்னா தயாரிச்ச கம்பெனிக்கு மெயில் போடுங்க"ங்கறாங்க. நான் என்ன பண்றது?

பதில்: கடைக்காரங்க சொன்ன ரெண்டுமே தப்புங்க. காசு வாங்கினது கடை, அதனால 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியதும் கடைதான், கம்பெனிக்கு எழுதுங்கன்னு உங்கள தள்ளிவிட முடியாது. வாட்டர்ப்ரூஃப்னு சொல்லி வித்த பொருள் தண்ணி விட்டா அது சொன்ன மாதிரி இல்லாத பொருள், வாங்கின 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுத்து முழுக்காசும் கேக்கலாம், மலையில போட்டு நடந்தீங்கங்கறதுக்காக அந்த உரிமை போயிடாது, ஏன்னா நடக்காம தண்ணி விடுதான்னு யாருக்குத் தெரியும்! உங்களுக்கு மூணு வாரம் ஓடிடுச்சு, அதனால இன்னைக்கே எழுத்துல அனுப்புங்க, "30 நாள் உரிமையில பொருளை நிராகரிக்கிறேன்"னு அந்த வார்த்தையிலேயே எழுதுங்க, ஃபோன்ல பேசிட்டு விட்டுடாதீங்க. வீட்டுலயே ஒரு பேசின்ல மேல் விளிம்பு முழுகாத அளவுக்கு தண்ணி ஊத்தி பூட்ஸை நிக்க வச்சு உள்ள ஈரம் வர்றதை வீடியோ எடுத்து வச்சுக்கங்க, ஏன்னா "மேல் பக்கமா தண்ணி போயிருக்கும்"ங்கறதுதான் அவங்க அடுத்ததா சொல்லப் போற பதில்.

30 நாள் தாண்டிட்டாலும் கதை முடிஞ்சிடல, அப்போ ரிப்பேர் பண்ணவோ மாத்திக் குடுக்கவோ கடைக்கு ஒரே ஒரு சான்ஸ் குடுக்கணும், அதுவும் சரிப்படலன்னா காசைத் திருப்பிக் கேக்கலாம். முதல் 6 மாசத்துல வர்ற கோளாறு வாங்கும்போதே இருந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்கிறது கடையோட வேலை. கிரெடிட் கார்டுல வாங்கியிருந்தீங்கன்னா இன்னொரு வழியும் இருக்கு, பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் இருந்தா 1974 நுகர்வோர் கடன் சட்டத்தோட 75-வது பிரிவுல கார்டு கம்பெனியும் கடையோட சேர்ந்து பொறுப்பு. உங்க 140 அதுக்குள்ள வருது. ஆனா பல பேர் விக்கிற பெரிய மார்க்கெட் தளத்துல வாங்கியிருந்தா இந்தப் பிரிவு சில சமயம் ஒட்டாது, நடுவுல இன்னொருத்தர் வந்துடுறாரு.

இதுக்கு நேர் எதிரான கேஸ் ஒண்ணு நிறைய வருது: பூட்ஸ் நல்லாத்தான் இருக்கு, ஆனா இறக்கத்துல கட்டைவிரல் போய் முன்னாடி இடிக்குது, திருப்பலாமான்னு. அது கோளாறு கிடையாது, அளவு பாக்காம வாங்கினதுதான். ஆன்லைன்னா பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம கேன்சல் பண்ணலாம், ஆனா கடையில போட்டுப் பாக்குற அளவுக்குத்தான் போட்டுப் பாத்திருக்கணும், வீட்டுக்குள்ள கார்ப்பெட்ல, மாடிப்படியில ஏறி இறங்கிப் பாருங்க, வெளிய போகாதீங்க. நேர்ல கடையில வாங்கினா இந்த 14 நாள் கிடையாது, கடையே மனசு வச்சு குடுக்குற ரிட்டர்ன் பாலிசிதான். "ரிசர்வ் பண்ணிட்டு கடைக்குப் போய் காசு கட்டுங்க"ங்கற முறையும் கடையில வாங்கின கணக்குதான், இது பல பேருக்குத் தெரியாது. என் கருத்து கேட்டீங்கன்னா பூட்ஸை மட்டும் நேர்ல போய், சாயங்காலமா, கால் கொஞ்சம் வீங்கியிருக்குற நேரத்துல, தடிச்ச சாக்ஸ் போட்டுப் பாத்து வாங்குங்க.

கேள்வி: மழை ஜாக்கெட் 60 பவுண்டுக்கும் இருக்கு 300-க்கும் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை போறவங்களுக்கு எது?

பதில்: முதல்ல அந்த ஊர் மழையைப் பத்தி ஒரு வார்த்தை. பாரோடேல் பள்ளத்தாக்குல சீத்வெயிட்னு ஒரு குக்கிராமம், வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுற இடம், சென்னையில வருஷம் முழுக்க பெய்யறது சராசரியா 1,400 பக்கம்தான். அங்கிருந்து பக்கத்துலயே இருக்குற ஹோனிஸ்டர் கணவாயில 2015 டிசம்பர்ல டெஸ்மண்ட் புயல் வந்தப்போ 24 மணி நேரத்துல 341.4 மில்லிமீட்டர் பதிவாச்சு. சாதாரண நாள்ல அவ்ளோ இல்லன்னாலும் காத்தோட பக்கவாட்டுல அடிக்கிற குளிர் மழை, குடையெல்லாம் வேலைக்கே ஆகாது.

ஜாக்கெட்ல பாக்க வேண்டியது மூணு. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்', 'ஷவர்ப்ரூஃப்'னு போட்டிருந்தா கீழ வச்சிடுங்க, அது கடைத்தெருவுக்குப் போறப்ப போட்டுக்கற சமாச்சாரம். 10,000 மில்லிமீட்டர்னு ஒரு எண் போட்டிருப்பாங்க, அது துணி எவ்ளோ உயர தண்ணி அழுத்தத்தைத் தாங்கும்ங்கற கணக்கு, பை மாட்டிக்கிட்டு நடக்கும்போது தோள் பட்டை அழுத்துற இடத்துலதான் தண்ணி உள்ள வரும்ங்கறதால அதுக்குக் குறைச்சலா வாங்காதீங்க. மூணாவது, உள்பக்கம் திருப்பிப் பாருங்க, எல்லாத் தையல் மேலயும் டேப் ஒட்டியிருக்கணும். இது மூணும் இருந்தா நீங்க சொல்ற ரெண்டு மூணு தடவைக்கு 80, 90 பவுண்ட் ஜாக்கெட்டே தாராளம், 300 குடுக்குறவங்க வாரா வாரம் மலையில இருக்குறவங்களா இருக்கணும், இல்லன்னா லோகோவுக்குக் குடுக்குற காசு. மிச்சக் காசுல மழை பேன்ட் வாங்குங்க, அதைத்தான் எல்லாரும் விட்டுட்டு ஜீன்ஸோட போய் நடுங்குறாங்க.

இன்னொண்ணு, ஒரு வருஷம் கழிச்சு "ஜாக்கெட் லீக் ஆகுது"ன்னு புகார் பண்றவங்க பாதிப்பேரோட ஜாக்கெட் லீக்கே ஆகல. மேல் துணியில இருக்குற நீர் விலக்குற பூச்சு போயிட்டா துணி தண்ணிய குடிச்சு கனமா ஜில்லுன்னு ஒட்டும், வேர்வையும் வெளிய போகாது, உள்ள நனைஞ்ச மாதிரியே இருக்கும். துணி சாஃப்டனர் போட்டு துவைச்சா இது சீக்கிரமே வந்துடும். இதுக்குன்னே விக்கிற சோப்புல துவைச்சு மறுபடி பூச்சு ஏத்தினா சரியாயிடும், கடையில சண்டை போடுறதுக்கு முன்னாடி இதப் பண்ணிப் பாருங்க.

கேள்வி: ஊட்டியில தொட்டபெட்டாவே 2,637 மீட்டர், நாங்க அங்க செருப்பு போட்டுக்கிட்டு நின்னவங்க. இங்கிலாந்துலயே உயரமான மலையான ஸ்காஃபெல் பைக் வெறும் 978 மீட்டர்தான? அதுக்குப் போய் மேப், ஜிபிஎஸ், மீட்பு இன்சூரன்ஸ்னு பேசுறாங்களே, எல்லாம் வியாபாரம்தான?

பதில்: தொட்டபெட்டா உச்சிக்குப் பக்கத்துல வரைக்கும் ரோடு போகுதுங்க! ஸ்காஃபெல் பைக்குக்கு வாஸ்டேல் ஹெட்ல காரை விட்டா அங்க கடல் மட்டத்துக்கு மேல 100 மீட்டர் கூட இருக்காது, கிட்டத்தட்ட 900 மீட்டர் சொந்தக் கால்ல ஏறணும், மேல போனா பாறைக் குவியலும் மேகமும்தான், இறங்கும்போது தப்பான பக்கம் திரும்பினா நீங்க போய்ச் சேர்றது வேற பள்ளத்தாக்கு. அங்கிருந்து கார் இருக்குற இடத்துக்கு ரோடு வழியா வரணும்னா டாக்ஸிக்கு அழ வேண்டியதுதான்.

ஆனா வியாபாரம்ங்கறதுல பாதி உண்மை. விலை கூடின ஜிபிஎஸ் கருவி உங்களுக்கு வேண்டாம். பேப்பர் மேப்பும் காம்பஸும் வாங்குங்க, ஃபோன்ல ஆப் கூடுதலா இருக்கட்டும், வாஸ்டேல் பக்கம் சிக்னலை நம்பி ஃபோனை மட்டும் வச்சுக்கிட்டு போகாதீங்க. பிரிட்டன் அரசோட மேப் நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே போடுற 1:25,000 மேப் லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்கு நாலு தாள், ஓஎல்4-லருந்து ஓஎல்7 வரைக்கும், நாலையும் அள்ளிக்கிட்டு வராதீங்க, ஸ்காஃபெல் பைக்குக்கு தென்மேற்குப் பகுதியான ஓஎல்6 ஒண்ணு போதும். அங்க மலை மீட்புக்காரங்க எல்லாரும் தன்னார்வலர்கள், ஒரு பென்னி வாங்க மாட்டாங்க, அதனால மீட்புச் செலவுக்குன்னு தனியா இன்சூரன்ஸ் யாராவது தலையில கட்டினா வாங்காதீங்க. மலையில அவசரம்னா 999 அடிச்சு போலீஸ் கேட்டு, அவங்ககிட்ட மவுன்டன் ரெஸ்க்யூன்னு சொல்லணும். பேச சிக்னல் பத்தாத இடத்துல எஸ்எம்எஸ் போகலாம், ஆனா அதுக்கு முன்கூட்டியே 999-க்கு 'ரெஜிஸ்டர்'னு ஆங்கிலத்துல மெசேஜ் அனுப்பி பதிஞ்சு வச்சிருக்கணும்.

கேள்வி: கெஸ்விக்ல ஒரு காட்டேஜ் ஆன்லைன்ல புக் பண்ணி நாலு நாள் ஆச்சு, இப்போ தேதி ஒத்துவரல. 14 நாள் கேன்சல் உரிமை இருக்குல்ல?

பதில்: இல்லைங்க. குறிப்பிட்ட தேதிக்கு எடுக்குற தங்குமிடத்துக்கு அந்த 14 நாள் செல்லாது, சட்டத்துலயே விலக்கு குடுத்திருக்கு. ஓனர் போட்ட கேன்சல் நிபந்தனைதான் பேசும். அன்பா கேட்டுப் பாருங்க, ஸ்கூல் லீவு தேதியா இருந்தா வேற ஆளு உடனே கிடைக்கும்ங்கறதால தேதி மாத்தித் தர வாய்ப்பு இருக்கு.

இதோட சேர்த்து ஒண்ணு சொல்லிடறேன், செயின்ட் பீஸ் கடற்கரையில ஆரம்பிச்சு அந்தப் பக்கம் ராபின் ஹூட்ஸ் பே வரைக்கும் போற கோஸ்ட் டு கோஸ்ட் பாதை, சுமாரா 300 கிலோமீட்டர், இதுக்கு தங்குறது, பெட்டி தூக்கிப் போறது, கைடு எல்லாம் சேர்த்து விக்கிற கம்பெனிங்க நிறைய. "இத 2018 பேக்கேஜ் டிராவல் விதிப்படி பேக்கேஜா விக்கிறீங்களா"ன்னு காசு கட்டறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்குங்க. ஆமாம்னா, கம்பெனி மூழ்கினாலும் உங்க காசுக்கு பாதுகாப்பு வச்சிருக்கணும், விலையை 8 சதவீதத்துக்கு மேல ஏத்தினா நீங்க அபராதம் இல்லாம விலகிக்கலாம், உங்களால போக முடியலன்னா 7 நாள் முன்னாடி சொல்லி வேற ஒருத்தர் பேருக்கு மாத்தலாம், மாத்துறதுக்கு ஆகுற செலவு மட்டும் உங்களுது. வெறும் ரூமை மட்டும் புக் பண்ணிக் குடுக்குற ஆளா இருந்தா இது எதுவும் கிடையாது.

கேள்வி: அப்பா அம்மா ஜூலைல மதுரையிலேருந்து வர்றாங்க, ரெண்டு பேருக்கும் அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு. அவங்களுக்கும் பூட்ஸ் வாங்கணுமா?

பதில்: வேண்டாம், நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ போதும், ஜாக்கெட் மட்டும் வாங்கிடுங்க, ஜூலையா இருந்தாலும் அவங்களுக்குக் குளிரும். பட்டர்மியர் ஏரியை ஒரு சுத்து சுத்தினா 7 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். அது கூட ஜாஸ்தின்னா கெஸ்விக்ல டெர்வென்ட்வாட்டர் போட்ல ஏறி ஒரு துறையில இறங்கி கரையோரம் கொஞ்ச தூரம் நடந்து அடுத்த துறையில மறுபடி ஏறிக்கலாம், கால் வலிச்சா உக்காந்துக்க வசதி. கடல் பாக்கணும்னா ரேவன்கிளாஸ், அந்த தேசியப் பூங்காவுல இருக்குற ஒரே கடலோர கிராமம், அங்கிருந்து ரேட்டின்னு கூப்பிடுற குட்டி ரயில் 7 மைல் எஸ்க்டேல் பள்ளத்தாக்குக்குள்ள போகும், அம்மாவுக்கு மலை ஏறினதை விட இதுதான் பிடிக்கும் பாருங்க. ஊர்ல எடுக்குற டிராவல் இன்சூரன்ஸ்ல பழைய வியாதி கவர் ஆகுதா, 'ட்ரெக்கிங்'னு போட்டு எதையாவது விலக்கியிருக்காங்களான்னு பாலிசி வாசகத்தைப் படிங்க, ஏஜென்ட் சொல்றத மட்டும் நம்பாதீங்க. பிரிட்டன்ல மலை மீட்பு இலவசம், ஆனா விசிட்டரா வர்றவங்களுக்கு ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனா பில் வரும்.

கேள்வி: நேஷனல் ட்ரஸ்ட் மெம்பர்ஷிப் எடுத்தா பார்க்கிங் எல்லா இடத்துலயும் இலவசமா?

பதில்: நேஷனல் ட்ரஸ்ட்ங்கறது இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்குற அறக்கட்டளை, அவங்களோட கார் பார்க்ல மட்டும்தான் இலவசம். வாஸ்டேல் ஹெட், சீட்டாலர், டார்ன் ஹௌஸ் எல்லாம் அவங்களுது. வின்லாட்டர் காடு, அரசுக் காடுகளைப் பாத்துக்கற ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்தோடது, அங்க இந்த கார்டு செல்லாது, கவுன்சில், தனியார் இடமெல்லாம் தனித்தனி. போர்டைப் படிச்சுட்டு நிறுத்துங்க.

கேள்வி: எனக்கு கால் ரொம்ப சின்னது. பசங்க செக்ஷன்ல இருக்குற ஹைக்கிங் பூட்ஸ் வாங்கலாமா?

பதில்: தாராளமா. பிள்ளைங்க காலணிக்கு அங்க வாட் வரி கிடையாது, பெரியவங்களுதுக்கு 20 சதவீதம், அதனால விலையும் குறையும். அடிப்பாகம் வளைச்சுப் பாருங்க, ரொம்ப தொளதொளன்னு மடங்குச்சுன்னா பாறைக்கு ஆகாது, ஏரிக்கரையில நடக்க மட்டும் வச்சுக்கங்க.