பாடியது சாண்டானா இல்லை

வணக்கம் சார். நண்பர் ஒருவர் சொல்லி சாண்டானா குழுவின் 'அப்ராக்சஸ்' ஆல்பத்தைக் கேட்டேன். கார்லோஸ் சாண்டானா பாடிய 'பிளாக் மேஜிக் வுமன்' இரண்டு நாளாகக் காதிலேயே நிற்கிறது. ஆனால் விசாரித்தால் அதுவும் 'ஓயே கோமோ வா'வும் வேறு யாரோ போட்ட பாட்டுகளாம். அடுத்தவர் பாட்டில் கிட்டாரைச் சேர்த்து, மேலே கொஞ்சம் லத்தீன் தாளத்தைத் தூவியதற்கா இத்தனை புகழ்?
கே.

அன்புள்ள கே,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பாடியது கார்லோஸ் இல்லை, அவர் கிட்டார்காரர். குழுவில் ஆர்கன் வாசித்த கிரெக் ரோலி. குழுவின் பெயரே சாண்டானா என்பதால் பலரும் இதில் ஏமாந்திருக்கிறார்கள், ஒரு காலத்தில் நானும்தான்.

மற்றபடி நீங்கள் விசாரித்தது சரி. 'பிளாக் மேஜிக் வுமன்' ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் எழுதி 1968இல் வந்தது. கடைசியில் வேகமெடுக்கிற பகுதியும் இரவல்தான், ஹங்கேரியக் கிட்டார் கலைஞர் காபோர் சாபோவுடையது. 'ஓயே கோமோ வா' நியூயார்க்கின் டீட்டோ புவேந்தே 1960களின் தொடக்கத்தில் போட்ட சா சா சா, அதாவது கியூபாவில் பிறந்த ஒரு நடன நடை. ஆனால் திரும்பத் திரும்ப வரும் அதன் மெட்டுத்துண்டைத் தேடிப் போனால், அதற்கும் முன்பே கியூபாவின் கச்சாவோ செய்த ஒரு பாட்டில் போய் நிற்போம். கடன் கணக்கு பார்த்தால் புவேந்தேயும் மாட்டுவார்.

எனக்கு இடிப்பது 'தூவியது' என்ற சொல்தான். கிரீனின் பாட்டையும் இவர்களுடையதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அங்கே அது மைனர் ப்ளூஸ் (சோகச் சாயலுள்ள கறுப்பின அமெரிக்க இசை), பாரம் முழுக்கக் கிட்டாரிலும் குரலிலும். இங்கே பாட்டைத் தூக்கிச் செல்வது மூன்று பேர்: கையால் அடிக்கும் கொங்கா மேளத்தில் மைக்கேல் கராபெல்லோ, குச்சியால் அடிக்கும் டிம்பாலே மேளத்தில் நிகராகுவாக்காரர் செப்பீட்டோ ஆரியாஸ், டிரம்ஸில் மைக்கேல் ஷ்ரீவ். ஒருவர் அடித்த இடத்தில் இன்னொருவர் அடிப்பதில்லை. கீழே இத்தனை நடமாட்டம் இருப்பதால்தான் கார்லோஸ் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நிற்க முடிகிறது. வெறும் ராக் டிரம்ஸின் மேல் அப்படி நின்றிருந்தால் அலுத்துப்போயிருக்கும்.

'ஓயே கோமோ வா' இன்னும் தெளிவான உதாரணம். பாட்டு கிட்டத்தட்ட முழுக்க இரண்டே கார்டுகள் (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு). புவேந்தேயிடம் புல்லாங்குழல் வாசித்த வரி இங்கே கிட்டாருக்கு வந்துவிட்டது, அடித்தளம் ரோலியின் ஆர்கனுக்கு. நடையில் மட்டும் கை வைக்கவில்லை, அது சா சா சாவாகவே இருக்கிறது. அதாவது ராக்கின் மேல் லத்தீனைத் தூவவில்லை. லத்தீன் திண்ணையில் ராக்கைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

இதை ஒரு உத்தியாக யோசித்துச் செய்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. கார்லோஸின் அப்பா மெக்சிகோவில் மரியாச்சி என்ற நாட்டுப்புற இசைக்குழுக்களின் வயலின்காரர். பையன் அமெரிக்க எல்லையோர டிஹுவானாவின் கிளப்புகளில் வாசித்து வளர்ந்து, சான் பிரான்சிஸ்கோவில் லத்தீன் மக்கள் நிறைந்த மிஷன் பகுதிக்கு வந்தவன். ப்ளூஸும் சா சா சாவும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீடு.

சொந்தச் சரக்கு எங்கே என்றால், 'சம்பா பா தீ' கார்லோஸே எழுதியது. பாட்டே கிடையாது, கிட்டார்தான் பாடும். இரவில் கேளுங்கள்.

அப்புறம், இந்த ஆல்பத்தைப் பலரும் கிட்டார் ஆல்பம் என்கிறார்கள். அது தொடங்குவது கொங்காக்காரர் கராபெல்லோ எழுதியதில். முடிவது டிம்பாலேக்காரர் ஆரியாஸ் எழுதிய 'எல் நிகோயா'வில். ஒன்றரை நிமிடம், பெரும்பாலும் தாளமும் குரல்களும்தான்.