தெர்மோகோல் வெட்டும் கம்பி: அடாப்டர் அணைந்துபோவது ஏன்?

12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த) கம்பியை மாட்டிச் சூடாக்கினால் அடாப்டர் அணைந்துபோகிறது என்று கேட்டிருந்தீர்கள். அடாப்டரில் பழுதில்லை, கம்பிதான் தடிமன். நீங்கள் சொன்ன 0.4 மி.மீ. நிக்ரோம், 30 செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 2.6 ஓம்தான் தரும். 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 2 ஆம்பியர் அடாப்டர் அணையாமல் என்ன செய்யும்?

0.2 மி.மீ. வாங்குங்கள். விட்டம் பாதியானால் மின்தடை நான்கு மடங்கு: பத்து ஓம் சொச்சம், ஓர் ஆம்பியர் சொச்சம். கடையில் கேஜ் எண்ணை (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) சொல்லாதீர்கள், மி.மீ. அளவைச் சொல்லுங்கள். 32 கேஜ் என்றால் அமெரிக்க அளவில் 0.2, பிரிட்டிஷ் அளவில் 0.27. நான் அப்படி ஒரு சுருளை வீணாக வாங்கி வைத்திருக்கிறேன்.

கம்பி சிவக்கவே கூடாது. சிவந்தால் தெர்மோகோல் வெட்டுப்படாமல் உருகி வழியும். 9 வோல்ட்டில் தொடங்குங்கள். சூட்டில் கம்பி நீண்டு தொய்யும், ஒரு முனையில் சிறு ஸ்பிரிங் மாட்டுங்கள். ஈயப்பற்று நிக்ரோமில் ஒட்டாது, திருகாணியில் இறுக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.