குழந்தைகளின் கடும் காசநோய்: ஐசியூ டாக்டர் பதில்கள்

கேள்வி: அக்கா மகனுக்கு ஒன்றரை வயது. நிமோனியா என்று மருந்து கொடுத்தார்கள். இப்போது வென்டிலேட்டரில் இருக்கிறான், காசநோயாம். பிசிஜி ஊசி போட்டிருக்கிறோமே டாக்டர்?

பதில்: பிசிஜி போட்டால் காசநோயே வராது என்றில்லை அம்மா. மூளை உறையைத் தாக்கும் காசநோயையும், ரத்தம் வழியாக உடலெங்கும் பரவும் மிலியரி வகையையும்தான் அது பெரும்பாலும் தடுக்கிறது. அதிலும் ஓட்டை உண்டு. இரண்டு வயதுக்குள் எதிர்ப்பு சக்தி பக்குவப்பட்டிருக்காது, அதனால் நோய் சில வாரங்களிலேயே முற்றிவிடலாம். மிலியரியில் எக்ஸ்ரேயைப் பார்த்தால் இரண்டு நுரையீரலிலும் கேழ்வரகை அள்ளி இறைத்த மாதிரி புள்ளிகள் இருக்கும். அது முற்றினால் மூச்சு திணறி, ஆக்சிஜன் ஏறாமல் போய்விடும்.

கேள்வி: சோதனையில் கிருமி இல்லையாம். பிறகு எதற்கு காசநோய் மருந்து?

பதில்: சின்னக் குழந்தை சளியைத் துப்பாது, விழுங்கிவிடும். அதனால் விடிகாலையில் வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்போம். வென்டிலேட்டரில் இருந்தால் மூச்சுக்குழாயில் இருந்தே எடுக்கலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் சோதனைகளில் எதில் போட்டாலும் குழந்தைகளுக்குக் கிருமி எண்ணிக்கை குறைவு, தப்பிவிடும். ‘இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்டை நான் பாதிதான் நம்புவேன். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு 6 வாரம்கூட ஆகும். திணறும் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எக்ஸ்ரே, எடை குறைவு, வீட்டில் யாருக்காவது இருமல்: இவை ஒத்துப்போனால் அன்றே மருந்து ஆரம்பம்.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். ட்யூப் போட்ட குழந்தைக்கு மருந்து எப்படிக் கொடுப்பது சார்?

பதில்: எடைக்கு ஏற்ற எண்ணிக்கையில், தண்ணீரில் கரையும் கூட்டு மாத்திரையை மூக்குக் குழாய் வழியாகக் கொடுங்கள். ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும், அதனால் பாலை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். யூரின் பை ஆரஞ்சு நிறமாகும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரத்தம் என்று அலறிவிடுவார். கல்லீரல் சோதனையை விட்டுவிடாதீர்கள். அப்புறம் கிருமி உங்களுக்குப் பரவாமல் இருக்க என்95 மாஸ்க், மூடிய சக்ஷன் (குழாயைக் கழற்றாமலே சளியை உறிஞ்சுவது), வெளிமூச்சுக் குழாயில் ஃபில்டர். வென்டிலேட்டரில் பெரிய மூச்சு வேண்டாம், கிலோவுக்கு 6 மில்லி அளவு போதும். ஏற்கெனவே நைந்த நுரையீரல், கிழிந்து காற்று கசிந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கேள்வி: மருந்து தொடங்கி மூன்று வாரத்தில் காய்ச்சல் திரும்பிவிட்டது. மாற்றணுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் கிருமிக்கு எதிராக உடல் பொங்குவதாகவும் இருக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமியா, வேறு தொற்றா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: இரண்டு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

பதில்: பெரும்பாலும் வீட்டில் இருந்துதான் ஐயா. எங்கள் வார்டில் ஒரு குழந்தை 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தது. வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை என்றே அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் வராண்டாவில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெரியவர் இருமினார், பேரனை மடியில் வைத்து வளர்த்த தாத்தா. ‘பீடி இருமல்தான் சார், பல வருஷமா இருக்கு’ என்றார். சளியைச் சோதித்தோம், பாசிட்டிவ். அவருக்கும் மருந்து தொடங்கினோம். வீட்டில் இருந்த நான்கு வயது அக்காவுக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, தடுப்பு மருந்தும் கொடுத்தோம்.