மின்சார கார் பேட்டரி கோளாறு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஆரம்பிக்கும் முன் ஒன்று. ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிகிறதோ அங்கே உங்கள் வேலை முடிந்தது. உள்ளே 350, 400 வோல்ட் டிசி (நேர் மின்சாரம்) இருக்கிறது. ஸ்கேனரில் படிப்பது, 12 வோல்ட் பேட்டரியை அளப்பது, இவ்வளவுதான் வீட்டு வேலை. சரி, கேளுங்கள்.

ராஜா: நேற்று வரை ஓடிய வண்டி இன்று எழவே இல்லை. டேஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்கு. பெரிய பேட்டரி போய்விட்டதா சார்?

பெரும்பாலும் சின்ன பேட்டரிதான். பெரிய பேக்கை (வரிசையாக இணைத்த பல செல்களின் தொகுப்பு) வண்டியோடு இணைக்கும் காண்டாக்டர்களை, அதாவது மின்காந்த ஸ்விட்ச்களை, இழுத்துப் பிடிப்பது 12 வோல்ட். அது சோர்ந்தால் பேக் நிறைய சார்ஜ் இருந்தாலும் வண்டி பிணம்தான், எல்லா கம்ப்யூட்டரும் ஆளுக்கொரு புகார் எழுதும். லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நல்லது, 12க்குக் கீழே என்றால் காலி. வண்டி ஆன் ஆன பிறகு 13.5க்கு மேல் ஏறவில்லை என்றால் பெரிய பேக்கிலிருந்து சின்ன பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வெர்ட்டரைப் பாருங்கள். அதற்குள் யாராவது பேக் மாற்றச் சொன்னால் வேறு இடம் தேடுங்கள்.

கார்த்திக்: 34வது செல் 60 மில்லிவோல்ட் அதிகமாகவும், 35வது அதே அளவு குறைவாகவும் காட்டுகிறது. மற்றதெல்லாம் சமம். 35 செத்துவிட்டது என்கிறார்கள்.

இப்படிக் கேள்வி வந்தால் சந்தோஷமாக இருக்கிறது. தம்பி, இரண்டையும் கூட்டிப் பாருங்கள், பக்கத்து ஜோடிகளின் கூட்டுத்தொகைதான் வரும். இரண்டு செல்லுக்கும் நடுவில் அளவெடுக்க ஒரே ஒயர்தான் போகிறது. அதன் முனையில் துரு பிடித்தாலோ தளர்ந்தாலோ ஒருவர் ஏறியதாகவும் மற்றவர் அதே அளவு இறங்கியதாகவும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர்) நினைத்துக்கொள்ளும். செல் இரண்டும் நன்றாக இருக்கலாம். 35 மட்டும் தனியாக இறங்கியிருந்தால் வேறு கதை.

அப்போது மூன்று நேரத்தில் படியுங்கள்: ஒரு மணி நேரம் ஓய்வுக்குப் பிறகு, வேகமாக முடுக்கும்போது, சார்ஜ் நிறையும் நேரத்தில். ஓய்வில் சமம், முடுக்கினால் மட்டும் ஒரு செல் சரிகிறது என்றால் உள்தடை கூடியிருக்கிறது அல்லது பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) போல்ட் தளர்ந்திருக்கிறது. சார்ஜ் குறையும்போது முதலில் இறங்கி, நிறையும்போது முதலில் ஏறினால் கொள்ளளவு போன செல். எந்த நேரமும் ஒரே மாதிரி கீழேயே இருந்தால் தானாகவே கசிகிறது, இல்லையென்றால் பேலன்ஸ் ஆகவில்லை (மற்ற செல்களோடு சார்ஜ் சமமாகவில்லை). எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேக் என்றால் நடுச் சார்ஜில் படித்த எண்ணை நம்பவே வேண்டாம், அங்கே வோல்டேஜ் கோடு தட்டையாக இருக்கும்.

விமலா: குளிர் நாளில் ரேஞ்ச் குறைகிறது, பேட்டரி பழுதா?

இல்லை. குளிர், ஹீட்டர்.

செந்தில்: ஸ்கேனரில் வரும் எரர் கோடை அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. கோடோடு பதிவான வோல்டேஜ், வெப்பநிலை எல்லாம் சேர்ந்து அழியும். முதலில் படம் எடுத்து வையுங்கள்.

ஜெயந்தி: மழைக்குப் பிறகு காப்புக் கோளாறு (பேக் மின்சாரம் வண்டி உடலுக்குக் கசிவது) என்று வருகிறது. மல்டிமீட்டரில் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை.

அதில் தெரியாது. மல்டிமீட்டர் ஓம் பார்ப்பது சில வோல்ட்டில். இதற்கு 500 வோல்ட் காப்புச் சோதனைக் கருவி வேண்டும், பயிற்சி பெற்றவர் கையில். மின்சார வண்டிப் பாதுகாப்புக்கான ஐ.நா. ஆர்100 விதிப்படி டிசி பக்கம் வோல்ட்டுக்கு 100 ஓமாவது வேண்டும், 400 வோல்ட் பேக்கிற்கு 40,000 ஓம். நீங்கள் செய்யக்கூடியது, எப்போது வருகிறது என்று கவனிப்பது. ஏசி போட்டதும் வந்தால் கம்ப்ரெசர் (யாராவது தவறான ஆயில் ஊற்றியிருந்தால் அதுவே காரணம்). ஹீட்டர் போட்டதும் வந்தால் ஹீட்டர். சார்ஜ் செய்யும்போது மட்டும் என்றால் சார்ஜர் அல்லது சார்ஜ் வாய். காண்டாக்டர் இணையாமல் திறந்திருக்கும்போதே வந்தால் பேக்குக்குள் ஈரம் அல்லது கூலண்ட் கசிவு. அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

முருகன்: பேக்கில் ஒரு மாட்யூலை (சில செல்கள் சேர்ந்த கட்டு) மட்டும் மாற்றலாமா?

ஏன் போனது என்று தெரிந்தால் மாற்றலாம்.

பாலு (மெக்கானிக்): அண்ணே, இதில் உங்களோடு ஒத்துப்போகமாட்டேன். ஒன்றை மாற்றினால் சில மாதத்தில் அடுத்தது வரும். வாடிக்கையாளர் நம்மைத்தான் திட்டுவார்.

வயதாகித் தேய்ந்த பேக்கில் அப்படித்தான் நடக்கும் பாலு. கூலண்ட் பட்டோ வெல்டிங் விட்டோ ஒன்று மட்டும் கெட்டிருந்தால் மீதிக்கு என்ன குறை?

பாலு: புதிய மாட்யூல் போட்டால்?

வீண். வரிசை இணைப்பில் பலவீனமான செல்தான் எல்லை. மிச்சக் கொள்ளளவு சும்மா கிடக்கும். பழைய மாட்யூல்களோடு ஒத்த கொள்ளளவுள்ளதைத் தேட வேண்டும்.

பாலு: யார் அளந்து போடுகிறார்கள்? வாங்கி மாட்டிவிட்டு பிஎம்எஸ் பேலன்ஸ் செய்துகொள்ளும் என்கிறார்கள்.

அங்கேதான் தப்பு. 50 ஏஎச் (ஆம்பியர்-மணி) செல் சார்ஜில் பத்து சதவீதம் தள்ளி நின்றால் 5 ஏஎச் வித்தியாசம். பேலன்ஸ் கரண்ட் 100 மில்லிஆம்ப் என்று வையுங்கள், 50 மணி நேரம், அதுவும் இடைவிடாமல் பேலன்ஸ் செய்தால். பல வண்டிகள் சார்ஜ் நிறையும் நேரத்தில்தான் செய்யும். மாட்டும் முன்பே வோல்டேஜைச் சமப்படுத்த வேண்டும்.

பாலு: அதைச் செய்யத் தெரியாதவனுக்கு முழு பேக்தான் வழி. அதைத்தான் சொல்கிறேன்.

தெரியாதவன் பேக்கையே திறக்கக்கூடாது, அதைத்தான் நானும் சொல்கிறேன். சண்டை போதும்.

கணேஷ்: ரேஞ்ச் குறைந்துவிட்டது, பேட்டரி போய்விட்டதா?

விமலாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். குளிர் இல்லையென்றால் டயர் காற்று. அப்புறம் கார்த்திக்குச் சொன்ன மூன்று அளவு.

தினேஷ்: 1 வோல்ட்டுக்கு இறங்கிப்போன செல்லை மெதுவாகச் சார்ஜ் ஏற்றிப் பிழைக்க வைக்கலாமா?

கூடாது. அவ்வளவு இறங்கினால் உள்ளே செம்புத் தகடு கரைந்திருக்கலாம், சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உள்ஷார்ட் ஆகலாம், தீப்பிடிக்கலாம்.

ஹரி: 80 சதவீதத்துக்கு மேல் வேகச் சார்ஜ் மந்தமாகிறது.

அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

மணி: மின்சார ஸ்கூட்டர்?

என் துறை இல்லை.

சரவணன்: பேக்கைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிவிட்டால் ஆரஞ்சு ஒயரைத் தொடலாம்தானே?

முதல் பத்தியைப் படித்தீர்களா? பிளக்கைக் கழற்றினாலும் பேக்குக்குள் மின்சாரம் அப்படியே இருக்கும். மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் வடிய, வண்டியின் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பிறகு 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடு அளந்து, பூஜ்யம் என்று உறுதி செய்ய வேண்டும். அளக்கும் முன்னும் பின்னும் மீட்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்த மின்சாரத்தில் சோதிக்க வேண்டும், ஏனென்றால் கெட்ட மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். இதெல்லாம் புதிதாக இருக்கிறதென்றால் பிளக்கையே தொடாதீர்கள்.