எக்ஸ்போர்ட் செய்யும்போது எத்தனை எம்.பி.? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பாம்பன் வாசகர்: ஒரே கேமரா, ஒரே 90 குவாலிட்டி. பாலத்தின் படம் 5 எம்.பி., அரிச்சல்முனைப் படம் 11 எம்.பி. ஏன்?

படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) முறை அதை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. பாலத்துக்கு மேலே பரந்து கிடக்கும் வெறும் வானத்தைச் சில பைட்டுகளில் சொல்லிவிடலாம். அரிச்சல்முனையின் மணல் வரிகளுக்கும் அலை நுரைக்கும் அது போதாது. எம்.பி.யை வைத்துத் தரத்தை மதிப்பிடாதீர்கள்.

கீழக்கரை வாசகர்: திருமண ஆல்பத்துக்கு ஃபோட்டோ லேப்பில் 300 டிபிஐ கேட்டார்கள். 72ஐ 300 ஆக மாற்றியும் கோப்பின் அளவு கூடவில்லையே?

கூடாது. டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்று அச்சு இயந்திரத்துக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. 12க்கு 8 அங்குல அச்சுக்கு 3600க்கு 2400 பிக்சல் வேண்டும். அது இருக்கிறதா என்று பாருங்கள்.

மண்டபம் வாசகர்: குவாலிட்டியை 100 வைப்பதுதானே நல்லது?

இல்லை. 85 அல்லது 90 போதும். 100 வைத்தால் கோப்பு இரண்டு மடங்குக்கு மேலும் பெருகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

தொண்டி வாசகர்: வாட்ஸ்அப்பில் வந்த படகுப் படத்தை எடிட் செய்து 100 குவாலிட்டியில் எக்ஸ்போர்ட் செய்தேன். 200 கேபி இருந்தது 2 எம்.பி. ஆனது. ஆனாலும் பிரிண்ட் மங்கலாக வருகிறது.

எந்த மென்பொருள், எத்தனை பிக்சல், என்ன அளவு அச்சு என்று எதையும் எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். இப்படி வரும் கடிதங்களுக்கு ஊகித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப் வழக்கமான முறையில் படத்தின் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குக் குறைத்து, அதற்கு மேலும் அழுத்திச் சுருக்கிவிடுகிறது. 12 அங்குலத்துக்கு அதை நீட்டினால் அங்குலத்துக்கு 130 பிக்சல்தான் கிடைக்கும். பாய்மரக் கம்பு வானத்தைத் தொடும் விளிம்பைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்: கம்பைச் சுற்றிக் கொசு மொய்த்தது போலப் புள்ளிகள் தெரியும். நீங்கள் 100 வைத்தபோது அந்தப் புள்ளிகளைத்தான் மென்பொருள் சிரத்தையாகப் பாதுகாத்து 2 எம்.பி. ஆக்கியிருக்கிறது, போன நுணுக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அச்சுக்கான படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் வேண்டுமென்றால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள் என்று இப்பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன். மூலப் படத்தின் மேலேயே சேவ் செய்யாதீர்கள் என்பதையும் மறுபடி சொல்கிறேன். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும், அது மீளாது. அனுப்பியவரிடம் மூலக் கோப்பு இருந்தால் இன்றே கேட்டு வாங்குங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: சூரிய உதயப் படத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது.

ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டுமே உள்ள எட்டு பிட் ஜேபெக்கில் நிறத்தை அதிகமாக இழுத்திருக்கிறீர்கள். கேமரா சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்து, படிகள் மிக அதிகமுள்ள 16 பிட்டில் திருத்திவிட்டு, கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்குங்கள். எக்ஸ்போர்ட்டில் நிறவெளி (படம் காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு) எஸ்ஆர்ஜிபி ஆக இருக்கட்டும்; அடோபி ஆர்ஜிபி வைத்தால் பல திரைகளில் நிறம் வெளிறும்.

ஏர்வாடி வாசகர்: போட்டிக்கு 2 எம்.பி.க்குள் கேட்கிறார்கள். குவாலிட்டியை 30 ஆக்கினால் படம் அசிங்கமாகிறது.

முதலில் பிக்சலைக் குறையுங்கள். நீளப் பக்கம் 2400, குவாலிட்டி 80 என்று வைத்தால் பெரும்பாலும் 2 எம்.பி.க்குள் அடங்கும். அப்போதும் மிஞ்சினால் 75 வரை இறங்கலாம்.

ராமேஸ்வரம் வாசகர்: டிஃப் ஆகவே சேமித்து வைக்கலாமா?

டிஃப் (TIFF) வழக்கமாகத் தரம் இழக்காமல் சேமிக்கும் கோப்பு வகை; ஆனால் 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃப்பில் சுமார் 140 எம்.பி. பிடிக்கும். அச்சகம் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள். ரா கோப்பும் எடிட் விவரமும் பத்திரமாக இருந்தால் டிஃப்பை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.